ஜனவரி ஒன்று, செவ்வாய்

காயலான் கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு
முந்நூற்றைம்பது என்றார்.
டப்பாவுக்கு இருநூறு, மானிட்டருக்கு நூற்றைம்பது,
கீபோர்டும் மவுசும் கணக்கிலேயே வராது.
ரிச்சி தெருவில் பதினெட்டு மாதத் தவணையில் வாங்கியதென்று
நான் சொல்லவில்லை.
சொன்னால் எடையா கூடப்போகிறது?

சுகிர்தா ஒரு வாரம் கெடு கொடுத்தாள்.
ஒன்று அது ஏதாவது வேலை பார்க்கணும்,
இல்லை அந்த மூலைக்கு அரிசி டிரம் வரும்.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன்.
கடுகு பதினொன்று, ஒரு நகத்துண்டு,
ஜெபினின் பால்பல்லோ என்று எடுத்துப் பார்த்தால்
பாதிப் பொட்டுக்கடலை.

பழைய சிடிகளை நூலில் கோத்து
பால்கனியில் தொங்கவிட்டோம், புறாவை விரட்ட.
முதல் நாள் பயந்தது.
இரண்டாம் நாள் கழுத்தைச் சாய்த்து முகம் பார்த்தது.
மூன்றாம் நாள் துணையோடு வந்தது.

கீழ்வீட்டு நவாஸ் ஒரு பென்டிரைவைச் செருகி
இலவச லினக்ஸ் ஏற்றினான்.
உயிர் வந்தது, நினைவு வரவில்லை.
உள்ளே காசளவு பேட்டரி ஒன்று செத்துக் கிடந்ததில்
ஒவ்வொரு முறை எழும்போதும் அதற்கு
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை.
அந்தத் தேதியில் இந்த டப்பா பிறக்கவேயில்லை.

அசோசியேஷன் தண்ணி லாரிக் கணக்கை அதில் எழுதினேன்,
தேதி தானாக விழும்படி.
பன்னிரண்டு லாரியும் ஒரே நாளில் வந்ததாகக் காட்டியது.
செயலாளர் பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்து
"இவ்ளோ தண்ணிய எங்க சார் வெச்சோம்?" என்றார்.
நோட்டுக்கே திரும்பினோம்.

கெடு முடிய ஒரு நாள் இருக்க
மழை பிடித்துக்கொண்டது.
கொடியில் போட்டதெல்லாம் போட்டபோது இருந்ததைவிட ஈரம்.
ஜெபினுக்கு வெள்ளை சாக்ஸ் இரண்டே ஜோடி.
ஒன்று நனைந்தது, மற்றது இன்னும் நனைந்தது.
அவன் பி.டி. மாஸ்டரோ முகத்தைப் பார்க்காமல்
காலைப் பார்க்கிறவர்.

டப்பாவின் முதுகில் கை வைத்தவன் அவன்தான்.
"அப்பா, காத்து வருது. சூடா."
வந்தது,
இருபத்தொன்பது சி பஸ்ஸில்
எஞ்சின் பக்கத்து சீட்டில் வருகிற மாதிரி.
இத்தனை வருஷமும் சுவரைப் பார்த்து ஊதியிருக்கிறது.
சுவரில் அந்த இடம் மட்டும் பழுப்பு.

சும்மா இருந்தால் வெதுவெதுப்பு.
வேலை கொடுத்தால் சூடு.
என்ன வேலை கொடுப்பது?
நவாஸ் தாடையைச் சொறிந்து
சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் அதையே ஆடவிட்டான்.
வெள்ளையும் அதுவே, கறுப்பும் அதுவே.
அது யோசிக்க யோசிக்க விசிறி முனகியது,
ஹேங்கரில் மாட்டிய சாக்ஸ் நான்கும்
கால் இல்லாமல் நடக்கத் தொடங்கின.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
தோசை மாதிரி திருப்பிப் போட்டேன்.
இருட்டில் திரை மட்டும் விழித்திருந்தது.
கறுப்பு ஒரு யானையை இழந்திருந்தது,
அதை மீட்க வெகுநேரம் யோசித்தது.
அந்த யோசனை வீட்டில் யாருக்கும் வேண்டாம்,
யோசிக்கையில் வருகிற சூடு போதும்.
அம்பத்தூர் ஸ்டோரில் சில நாள்
என்னையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.
கொஞ்ச நேரம் நின்று
வெள்ளை தப்பாக நகர்ந்தபோது
"ச்சே" என்றேன்.

ஐந்தே முக்காலுக்கு சாக்ஸ் அப்பளமாகக் காய்ந்திருந்தது.
சுகிர்தா முகர்ந்து பார்த்தாள்.
தூசி வாசனை, ஈர வாசனை இல்லை.
"டிரம் அடுப்படியிலேயே இருக்கட்டும்" என்றாள்.

ஆறு மணிக்கு டிவியில் கலெக்டர் அறிவிப்பு.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவாம்,
பள்ளிகளுக்கு இன்று விடுமுறை.
ஜெபின் காய்ந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு
மறுபடி போர்வைக்குள் போனான்.

கரண்ட் போய் வந்தது.
மூலையில் அது தானாக எழுந்து
ஒரு பீப் சொல்லி, தேதியைக் காட்டியது.
ஜனவரி ஒன்று.
அதற்கும் லீவுதான்.